அரசாணைக்கும் கடைசி மேசைக்கும் நடுவில்: திட்டங்கள் எங்கே விழுகின்றன?

கடைசிமேசை:

ஒரு திட்டம் ஏன் படுத்துவிட்டது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள் மூன்று: ஊழல், அரசியல் தலையீடு, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாளைக் காலை அலுவலகத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதை இந்த மூன்றுமே சொல்வதில்லை. அதனால் இந்த இழையில் வேலை நடக்கும் விதத்தை மட்டும் பேசுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். களத்தில் பிழையைப் பார்ப்பவரிடம் அதைத் திருத்தும் அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால், அவர் சொல்வது எத்தனை நாளில் அதிகாரம் உள்ளவர் காதுக்குப் போகிறது? பெரும்பாலான திட்டங்களின் தலைவிதி இந்த இரண்டு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

நல்ல ஒப்பீடு ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1955ல் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி 1969ல் அந்த இலக்கைக் கைவிட்டது. அதே நிறுவனம் 1967ல் தீவிரப்படுத்திய பெரியம்மை ஒழிப்பு, 1977 அக்டோபரில் சோமாலியாவில் கடைசி இயற்கைத் தொற்றோடு முடிந்தது. 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

மலேரியாத் திட்டத்தில் ஆயத்தம், தாக்குதல், நிலைப்படுத்தல், பராமரிப்பு என்று நான்கு கட்டங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. எல்லா நாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே கையேடு. கொசுக்கள் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தாங்கப் பழகிவிட்டன என்ற செய்தி களத்திலிருந்து வந்த பிறகும் கட்டங்களின் வரிசை அவ்வளவு எளிதில் மாறவில்லை.

பெரியம்மைத் திட்டமும் '80 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி' என்ற இலக்கோடுதான் ஆரம்பித்தது. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் தடுப்பூசி போதவில்லை. அங்கே இருந்தவர்கள் நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் போட்டார்கள். பரவல் நின்றது. கையிருப்புப் பற்றாக்குறையில் பிறந்த அந்த முறை தலைமையகத்துக்குப் போய், திட்டத்தின் மைய உத்தியாகவே மாறியது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். கையேட்டை மீறிய ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போகவில்லை. கையேடு திருத்தப்பட்டது.

அளவுகோல்:

கடைசிமேசை சார், ஒப்பீடு நல்லதுதான், ஆனால் பாதி நியாயம். இரண்டு நோய்களும் ஒரே தரம் அல்ல. பெரியம்மைக்கு மனிதனைத் தவிர வேறு உறைவிடம் கிடையாது. தொற்றியவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். தடுப்பூசி ஒரு தடவை போட்டால் பல ஆண்டு தாங்கும், உலர்த்திய மருந்து என்பதால் வெயிலையும் தாங்கும். மலேரியா ஒட்டுண்ணியைச் சுமப்பவருக்கு அறிகுறியே இல்லாமல் போகலாம். ஆக, ஒன்றின் பின்னூட்டம் கண்ணால் பார்க்கக்கூடியது, மற்றதற்கு இரத்தத் தடவலும் நுண்ணோக்கியும் வேண்டும். நிர்வாகம் எவ்வளவு நெகிழ்வாக இருந்தாலும் இந்த வித்தியாசம் போகாது.

ஆனால் உங்கள் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று மலேரியாவுக்குள்ளேயே இருக்கிறது. இலங்கையில் 1963ல் ஆண்டு முழுவதற்கும் பதிவான மலேரியா 17 பேருக்குத்தான். பூச்சிக்கொல்லித் தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69ல் 5 லட்சத்துக்கும் மேல். நோயைக் குறைத்த அதே அமைப்புதான் தோற்றது. எண்ணிக்கை சிறிதாகும்போது தேடும் ஆட்களைக் குறைக்கத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் தேடலைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் மிச்சமிருக்கும் 17 பேர் எங்கே என்பதுதான் முழு வேலையும்.

பெரியம்மைக்காரர்கள் இதைச் சரியாகச் செய்தார்கள். 'இந்த வாரம் யாருக்கும் இல்லை' என்றாலும் பூச்சியம் என்று எழுதி அறிக்கை வர வேண்டும். அறிக்கையே வராத இடத்தைப் பூச்சியமாகக் கொள்ளவில்லை, 'தெரியாது' என்று கொண்டார்கள். வீடு வீடாகத் தேடிய பிறகு வேறு ஆட்கள் போய்ச் சில வீடுகளில் 'தேட வந்தார்களா?' என்று மறுபடி கேட்டார்கள். எந்தத் திட்டத்துக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காலியான கட்டத்தைப் பூச்சியமாகக் கூட்டும் எந்த மாதாந்திர அறிக்கையும் பொய் சொல்கிறது.

படிவம்12:

நீங்கள் இருவரும் மேலிருந்து பார்க்கிறீர்கள். நான் சாளரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். திட்டம் தோற்பதில் பெரும்பகுதி, ஒருவர் விண்ணப்பிக்கும் முன்பே நடந்துவிடுகிறது. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். தகுதியுள்ளவர்கள் 100 பேர். திட்டம் இருப்பது காதில் விழுந்தவர்கள் 70. விண்ணப்பித்தவர்கள் 50. எல்லா ஆவணமும் சேர்த்தவர்கள் 40. ஒப்புதல் பெற்றவர்கள் 36. பணம் கைக்கு வந்தது 33 பேருக்கு. அலுவலகம் எழுதும் அறிக்கையில் '40 முழுமையான விண்ணப்பங்களில் 36க்கு ஒப்புதல், 90 சதவீதம்' என்று இருக்கும். நிஜத்தில் மூன்றில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஒவ்வொரு படியிலும் விழுந்தவர்களைத் தனித்தனியாக எண்ணாவிட்டால் எந்தப் படியைச் சரிசெய்வது என்று தெரியவே தெரியாது. விளம்பரத்துக்குப் பணம் போட்டுக்கொண்டே இருப்பார்கள், அடைப்பு சான்றிதழில் இருக்கும்.

படிவத்தைச் சோதிக்கும் முறை எளிது, செலவும் இல்லை. அச்சுக்குப் போகும் முன் தகுதியுள்ள எட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. பேனா நின்ற இடம், திரும்பிப் படித்த வரி, அடித்தெழுதிய கட்டம் மூன்றையும் மட்டும் குறியுங்கள். மூன்று பேர் ஒரே கட்டத்தில் நின்றால் தவறு அந்தக் கட்டத்தில். 'குடும்ப ஆண்டு வருமானம்' என்பது பெரும்பாலும் அப்படி ஒரு கட்டம். குடும்பம் என்றால் யார் யார்? எந்த ஆண்டு? பிடித்தம் போகவா, சேர்த்தா?

அடுத்தது நிராகரிப்புக் காரணம். 'ஆவணம் போதவில்லை' என்று எழுதி அனுப்புவதைத் தடைசெய்ய வேண்டும். எந்த ஆவணம், எங்கே வாங்குவது, எந்தத் தேதிக்குள், இதே விண்ணப்ப எண்ணில் சேர்க்கலாமா அல்லது முதலிலிருந்தா என்ற நான்கும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். ஒரே அரசின் இன்னொரு துறையிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலைக் குடிமகனிடம் மறுபடி கேட்பதே தப்பு. எஸ்தோனியா 2001ல் துறைகளுக்கு இடையே தரவு பரிமாறும் அடுக்கைக் கட்டியபோது ஒரே மையக் கிடங்கில் எல்லாவற்றையும் கொட்டவில்லை. அந்தந்தத் தரவு அந்தந்தத் துறையிலேயே இருக்கும், கேட்கும்போது மட்டும் போகும், யார் பார்த்தார்கள் என்ற பதிவைக் குடிமகனே திறந்து பார்க்கலாம். அந்தப் பதிவுதான் முக்கியம். அது இருப்பதால்தான் மக்கள் பகிர்வுக்குச் சம்மதிக்கிறார்கள்.

புதுமுகம்:

ஒரு சந்தேகம். படிவமும் சரி, ஆட்களும் சரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் பணம் ஏன் ஆண்டுக் கடைசியில்தான் வருகிறது? எல்லா நாட்டிலும் இதே புகார் இருக்கிறதே.

வெள்ளையறிக்கை:

புதுமுகம், இதற்கு இரண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, நிகழ்தகவு. ஒரு திட்டம் நடைமுறைக்கு வர 30 தனித்தனி ஒப்புதல் தேவை என்று கொள்வோம். நிதி, சட்டம், நிலம், கொள்முதல், பணியிடம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணிக்கை எளிதாக வந்துவிடும். ஒவ்வொன்றும் தடையில்லாமல் போகும் வாய்ப்பு 95 சதவீதம் என்றாலும் முப்பதும் சேர்ந்து போகும் வாய்ப்பு 21 சதவீதம்தான். யாரும் எதிரி இல்லை, எல்லாரும் நல்லவர்கள், அப்படியும் ஐந்தில் நான்கு தடவை எங்கோ ஓரிடத்தில் சிக்கும். நிஜத்தில் இந்த ஒப்புதல்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதையும், சிக்கிய கோப்பு பெரும்பாலும் தாமதமாகவாவது நகரும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாமதமே இங்கே தோல்வியாகிறது. அதுதான் இரண்டாவது கணக்கு.

12 மேசை, மேசைக்கு 5 வேலை நாள் என்றால் 60 வேலை நாள், அதாவது ஏறக்குறைய மூன்று மாதம். ஒரு முறை கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்பினால் மறுபடி பாதி வழி. ஒதுக்கீடு அறிவிப்பது ஒன்று, பணத்தை விடுவிப்பது வேறு. முதல் தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று எல்லா அலுவலகத்திலிருந்தும் வந்தால்தான் இரண்டாம் தவணை என்ற விதி இருந்தால், நூறு அலுவலகத்தில் ஒன்று தாமதித்தாலும் மற்ற தொண்ணூற்றொன்பதும் காத்திருக்கும். ஆண்டுக் கடைசி இரண்டு மாதத்தில் பணம் வந்து விழும். செலவழிக்காவிட்டால் காலாவதி. அப்போது எது சீக்கிரம் வாங்க முடியுமோ அதை வாங்குவார்கள். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் காலம் வேண்டும், இயந்திரத்துக்கு ஒரு கொள்முதல் ஆணை போதும். அலுவலக மூலையில் பிரிக்காத பெட்டிகள் அடுக்கியிருந்தால் அந்தப் பணம் எந்த மாதம் வந்தது என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்? பயன்பாட்டுச் சான்றை ஒட்டுமொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். தந்தவருக்கு உடனே அடுத்த தவணை. ஒரே கோப்பை மேசை மேசையாக அனுப்பாமல், கருத்துச் சொல்ல வேண்டிய எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் நகல் போகட்டும். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கொள்ளலாம். இந்தக் கடைசி விதியை எச்சரிக்கையோடுதான் வைக்க வேண்டும். தீ, கட்டட உறுதி, மருந்து போன்ற பாதுகாப்பு ஒப்புதல்களில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

தணிக்கைத்தாள்:

அளவீட்டைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எண்ணுவது எதுவோ அதுதான் உற்பத்தியாகும்.

1902ல் வியட்நாமின் ஹனோயில் பிரெஞ்சுக் காலனி நிர்வாகம் எலி ஒழிப்புக்கு வாலுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. வால்கள் குவிந்தன. ஊரில் வாலில்லாத எலிகள் ஓடின. வாலை வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று உயிரோடு விட்டார்கள். காசுக்காக எலி வளர்த்ததும் தெரிய வந்தது. இதை மக்களின் நேர்மைக் குறைவு என்று படிப்பது தவறு. நிர்வாகம் வாங்கியது வாலை. எலித்தொல்லை குறைந்ததா என்பதற்கு அது விலையே வைக்கவில்லை.

அதனால் எந்த இலக்கு எண்ணை வைத்தாலும் முதலில் ஒரு பயிற்சி: வேலையே செய்யாமல் இந்த எண்ணை உயர்த்த எத்தனை வழி இருக்கிறது என்று களப்பணியாளர்களையே எழுதச் சொல்லுங்கள். அரைமணி நேரத்தில் ஐந்தாறு வழி வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரெடையாக இன்னோர் எண் வேண்டும். 'தீர்த்த புகார்கள்' என்று எண்ணினால் '60 நாளுக்குள் அதே நபரிடமிருந்து அதே புகார்' என்பதையும் எண்ணுங்கள். 'சராசரி நாள்' என்று எழுதினால் கூடவே மிகத் தாமதமான பத்தில் ஒரு பங்கு எத்தனை நாள் என்றும் எழுதுங்கள். ஒன்பது பேருக்கு 4 நாள், ஒருவருக்கு 104 நாள் என்றால் சராசரி 14. அந்தப் பதினான்கு நாளை அங்கே யாருமே அனுபவிக்கவில்லை.

பணம் ஒழுகுவதைப் பற்றி இரண்டு நல்ல சான்றுகள். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கு மைய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது என்று செய்தித்தாளில் போட ஆரம்பித்தார்கள். 2001ல் 80 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தது. இன்னொன்று இந்தோனேசியா. 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணிகள். சிலவற்றுக்கு 'கட்டாயம் தணிக்கை வரும்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். பொறியாளர்கள் சாலையில் குழி தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் உள்ளே இருக்கிறது என்று அளந்து கணக்கோடு ஒப்பிட்டார்கள். தணிக்கை நிச்சயம் என்று தெரிந்த இடங்களில் காணாமல் போன செலவு சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு மக்களைக் கூடுதலாக அழைத்ததால் வந்த மாற்றம் சொல்லும்படி இல்லை.

அளவுகோல்:

தணிக்கைத்தாள், உகாண்டாவைச் செய்தித்தாளின் வெற்றி என்று மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். 1997ல் அங்கே அனைவருக்கும் தொடக்கக் கல்வி வந்தது. மானியத்தின் அளவே மாறியது, அது அரசியல் ரீதியாகப் பெரிய வாக்குறுதியானது, மைய அரசின் கண்காணிப்பும் இறுகியது. பணம் எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்த பெற்றோர், கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரி, தவறினால் நிதியை நிறுத்தத் தயாராக இருந்த மையம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் செய்தித்தாள் வேலை செய்தது. வெறும் பலகையில் எண்ணை எழுதிவைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

தணிக்கைத்தாள்:

ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இந்தோனேசியாவையும் சேர்த்துச் சொன்னேன். அங்கே தணிக்கை முடிவைக் கிராமக் கூட்டத்தில் படித்துக் காட்டினார்கள். கண்டுபிடிப்புக்குப் பின்னால் ஏதோ நடந்தது. படித்துவிட்டுக் கோப்பில் கட்டும் தணிக்கை அறிக்கை வேறு வகை.

வெள்ளையறிக்கை:

எல்லாம் சரி. ஆனால் நிர்வாகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மக்கள் அனுமதி இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. அந்த அனுமதியை எந்த நேரத்தில் கேட்பது என்பதே ஒரு நிர்வாக முடிவு. இரண்டு நகரங்களைப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாகன நெரிசல் கட்டணம், அதாவது நகருக்குள் வண்டி ஓட்டி வருபவரிடம் வசூலிக்கும் கட்டணம் பற்றி 2005 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடந்தது. கட்டணம் அப்போது காகிதத்தில் மட்டும்தான். ஊரைச் சுற்றி உள்வளையம், வெளிவளையம் என இரண்டு எல்லைக்கோடு. புரிந்துகொள்ளவே சிரமம். சுமார் 74 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டம் முடிந்தது.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஆரம்பத்தில் எதிர்ப்பு குறைவாக இருந்தது என்று நினைக்காதீர்கள். பெரும்பான்மை எதிராகத்தான் இருந்தது. அங்கே செய்தது வேறு வரிசை. 2005 ஆகஸ்டிலேயே சுமார் 200 புதிய பேருந்துகளையும் 16 புதிய தடங்களையும் இறக்கினார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை கட்டணத்தைச் சோதனையாக வசூலித்தார்கள். எல்லைக்கோட்டைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை 31க்குப் பிறகு கட்டணம் நின்றது, நெரிசல் மறுபடி ஏறியது. செப்டம்பரில் வாக்கெடுப்பு. சிறிய பெரும்பான்மையில் 'வேண்டும்' வென்றது. 2007 ஆகஸ்டில் நிரந்தரம்.

மாற்று வழியை முதலில் கொடுத்தார்கள், கட்டணம் பின்னால் வந்தது. தேதி குறித்த சோதனை என்பதால் எதிர்ப்பவருக்கும் ஒரு முடிவு தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, நிறுத்திக் காட்டியது. இருந்ததையும் இல்லாததையும் அனுபவித்த பிறகு ஒருவர் போடும் வாக்கு, பயத்தில் போடும் வாக்கைவிடத் தெளிவானது.

படிவம்12:

இதை எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாதுங்க. சோதனை ஓட்டமே சாத்தியமில்லாத மாற்றங்கள் உண்டு. அதே ஸ்வீடன்தான் 1967 செப்டம்பர் 3 அன்று இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. பாதி ஊர் மட்டும் வலப்பக்கம் என்று முன்னோட்டம் வைக்க முடியுமா? 1955 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 83 சதவீதம் பேர் எதிர்த்திருந்தார்கள். 1963ல் நாடாளுமன்றம் முடிவெடுத்து நான்கு ஆண்டு தயாரிப்பு. லட்சக்கணக்கான பலகைகள் மாறின. அன்று அதிகாலை 4.50க்கு ஓடிக்கொண்டிருந்த வாகனமெல்லாம் நின்று, மெதுவாக மறுபக்கம் போய் நின்று, 5 மணிக்குப் புறப்பட்டன. வேக வரம்பைக் குறைத்து வைத்திருந்தார்கள். முதலில் விபத்துகள் குறையவும் செய்தன, பின்னால் பழைய நிலைக்கு வந்தன.

அளவில் சிறிதாகச் சோதிக்க முடியாததை ஒத்திகையில் சோதிக்க வேண்டும். ஒரே இரவில் மாறுவதற்குப் பின்னால் நான்கு ஆண்டு இருந்தது என்பதை மறந்து அந்த இரவை மட்டும் காப்பியடிப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

கடைசிமேசை:

நல்ல திருத்தம். நான் மறுபடி என் கேள்விக்கே வருகிறேன், ஏனென்றால் இரண்டு பெரிய திட்டத் தோல்விகளில் அது அப்படியே தெரிகிறது.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான அரசு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் துண்டு துண்டாகக் கட்டின. முழுவதையும் ஒட்டி ஓடவைப்பது யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரையான சோதனைக்குக் கிடைத்தது கடைசி இரண்டு வாரம் மட்டும். விலையைப் பார்க்கவே முதலில் கணக்குத் திறக்க வேண்டும் என்று வைத்ததால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்த ஒரே குறுகிய வாசலில் முட்டினார்கள். எச்சரிக்கைகள் உள்ளே இருந்தன. தேதியைத் தள்ளும் அதிகாரம் உள்ளவரிடம் அவை அந்த வலுவோடு போகவில்லை.

மீட்க வந்த குழு வைத்த விதிகள் எளியவை. கூட்டம் பிரச்சினையைத் தீர்க்க மட்டும், பழி சொல்ல வேறு இடம் பார்க்கலாம். பதவியில் பெரியவர் பேசக் கூடாது, அந்தப் பிரச்சினையை அதிகம் அறிந்தவர் பேசட்டும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் எது உடையுமோ அதை மட்டும் எடுப்போம். இரண்டே மாதத்தில் தளம் பெரும்பாலும் நிமிர்ந்தது. பிழையைப் பார்ப்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு அறைக்குள் சுருங்கியதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

ஆஸ்திரேலியா இன்னும் வேதனையானது. 2016ல் நலத்தொகை வாங்கியவர்களிடம் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்ப வசூலிக்கத் தானியங்கி முறை வந்தது. வரித்துறையிடம் இருப்பது ஆண்டு வருமானம். நலத்தொகை முடிவாவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்து ஒவ்வொரு இருவாரத்துக்கும் அந்தச் சராசரி வந்ததாகக் கொண்டது அமைப்பு. ஒருவர் முதல் 13 இருவாரங்களில் தலா 2,000 சம்பாதித்து, பிறகு வேலை போய் அடுத்த 13க்கு உதவி வாங்கினார் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 26,000, சராசரி 1,000. வேலையே இல்லாத ஒவ்வொரு இருவாரத்திலும் அவர் 1,000 சம்பாதித்து மறைத்ததாகக் கணக்கு சொல்லும். உண்மையாகச் சொன்னவர் கடனாளி ஆனார். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக் கொண்டுவந்து தவறில்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில். சட்டத்துக்குப் புறம்பாக 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 170 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கடன் என்று கேட்கப்பட்டது. 2019 இறுதியில்தான் அந்தச் சராசரி முறையை விட்டார்கள். 2023ல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது.

தானியங்கி முறைக்கு முன்பு, இரண்டு கணக்கும் பொருந்தாத கோப்புகளை ஓர் ஊழியர் கையால் பார்த்து, முதலாளியிடம் விசாரித்தார். அந்த ஆளை நீக்கியதில் மிச்சமாகும் செலவு திட்டக் குறிப்பில் வரவாக எழுதப்பட்டது. அவர் பிடித்துக்கொண்டிருந்த பிழைகளுக்கு அந்தக் குறிப்பில் இடமே இல்லை. தானியங்கியாக்கும் எந்தத் திட்டத்திலும் நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் அகற்றும் மேசை எந்தப் பிழைகளைத் தடுத்துக்கொண்டிருந்தது? கடந்த ஆறு மாதத்தில் அந்த மேசை திருத்திய கோப்புகளை எடுத்து, புதிய அமைப்பு அவற்றை என்ன செய்கிறது என்று ஓட்டிப் பார்த்தீர்களா?

புதுமுகம்:

நிறையத் தெளிவானது, நன்றி. கடைசியாக ஒன்று. முன்னோட்டம் வெற்றி, விரிவாக்கம் தோல்வி என்று அடிக்கடி நடக்கிறதே, அதற்குக் காரணம் என்ன? முன்னோட்டத்தை எப்படி அமைக்க வேண்டும்?

அளவுகோல்:

முன்னோட்டத்தில் ஓடியது ஒன்று, விரிவாக்கியது வேறொன்று. அதுதான் வழக்கமான காரணம். ஆர்வமுள்ள அதிகாரி இருக்கும் அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், கூடுதல் ஆள் கொடுப்பார்கள், மேலிடத்திலிருந்து வாரம் ஒரு முறை தொலைபேசி வரும். விரிவாக்கும்போது இந்த மூன்றும் இருக்காது.

சரியாகச் செய்ய, இடங்களை விருப்பம் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள், குலுக்கிப் போடுங்கள். முடியாவிட்டால் நன்றாக நடக்கும் அலுவலகம், நடுத்தரம், மோசமானது என்று குறைந்தது ஒவ்வொன்று. மோசமானதைத் தவறவிடாதீர்கள், அதில்தான் விரிவாக்கத்தின் உண்மை முகம் தெரியும். இருக்கும் ஊழியர், இருக்கும் வேலைநேரம் மட்டும். புதிய வேலையைக் கொடுத்தால் எந்தப் பழைய பதிவேட்டை நிறுத்தலாம் என்றும் அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள். இதை ஏறக்குறைய யாருமே செய்வதில்லை. களப்பணியாளர் ஒருவர் எத்தனை பதிவேடு எழுதுகிறார் என்று எண்ணிப் பார்த்தால், புதுத் திட்டம் ஏன் ஓடவில்லை என்று வேறு ஆய்வு தேவைப்படாது.

காலம், குறைந்தது ஒரு முழுச் சுற்று. விண்ணப்பம், சரிபார்ப்பு, பணம், மேல்முறையீடு, அடுத்த ஆண்டுப் புதுப்பித்தல் வரை போக வேண்டும். முதல் தவணையோடு முடித்த முன்னோட்டம் எளிதான பாதியை மட்டும் பார்த்தது.

ஒப்பிட ஆளில்லாமல் முடிவு சொல்லாதீர்கள். மெக்சிகோ 1997ல் ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொடுக்க எப்படியும் முடியாது. அந்தக் கட்டாயத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் குலுக்கல் முறையில் 320க்கு முதலில், 186க்குப் பின்னால். பள்ளி வருகையும் குழந்தைகளின் உடல்நிலையும் எவ்வளவு மாறியது என்று காட்ட முடிந்தது. 2000ல் பல பத்தாண்டுகள் ஆண்ட கட்சி தோற்றபோது திட்டத்தையும் கலைத்துவிடுவார்கள் என்ற நிலை. சான்று கையில் இருந்ததால் பெயர் மாறி விரிவடைந்தது. அதுவும் எப்போதைக்குமான காப்பு இல்லை. 2019ல் வேறு அரசு அதை முடித்துவைத்தது.

தணிக்கைத்தாள்:

அளவுகோல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தொடங்கும் முன்பே நிறுத்தும் விதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உதாரணமாக, 'ஆறாம் மாத முடிவில் தகுதியுள்ளவர்களில் பாதிப் பேருக்குக் கூடப் போய்ச் சேரவில்லை என்றால் விரிவாக்கம் கிடையாது. தவறான நிராகரிப்பு இருபதில் ஒன்றைத் தாண்டினால் அன்றே நிறுத்திச் சரிசெய்வோம்' என்ற மாதிரி. எண் எதுவாகவும் இருக்கலாம், அது முன்கூட்டியே எழுதியதாக இருக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு வரம்பு வைத்தால் எந்த முன்னோட்டமும் வெற்றிதான்.

இன்னொன்று, முதல் மூன்று மாதத்தில் புகார் கூடினால் பயந்து குறைதீர்ப்பு எண்ணை மூடிவிடாதீர்கள். எங்கே சொல்வது என்று மக்களுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். புகாரே வராத அலுவலகத்துக்குத்தான் முதலில் நேரில் போக வேண்டும்.

புதுமுகம்:

போய் என்ன பார்ப்பது?

தணிக்கைத்தாள்:

பதிவேட்டிலிருந்து கண்ணை மூடி 20 பெயர் எடுங்கள், ஒப்புதல் பெற்றவர் பத்து, நிராகரிக்கப்பட்டவர் பத்து. அலுவலகத்தில் உட்காராமல் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஒப்புதல் பெற்றவரிடம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதி, யாருக்காவது எதுவும் கொடுக்க வேண்டியிருந்ததா என்று கேளுங்கள். நிராகரிக்கப்பட்டவரிடம் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டு, பதிவேட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியாத பெயர் எத்தனை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது பேரை வைத்துச் சதவீதம் சொல்ல முடியாது, ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டு நாள் வேலை.